ஒரு கோடிக்குள் ஒரு செடான்: பழைய மசெராட்டி கிப்லியா, புது எம்340ஐயா, இ கிளாஸா?

ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்திலிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. கேட்பவர்களில் கிரானைட் ஏற்றுமதி செய்பவர் உண்டு, மாங்கூழ் ஆலைக்காரர் உண்டு, ஓசூர் சிப்காட்டில் உதிரிபாகம் செய்பவர் உண்டு. கேள்வி ஒன்றுதான்: "ஆன்ரோடு ஒரு கோடிக்கு மேல் போகக்கூடாது. பெங்களூரில் ஒரு மசெராட்டி கிப்லி அம்பது லட்சத்துக்குள் சொல்றாங்க. புது பிஎம்டபிள்யூவில் பாதி விலை. எடுக்கலாமா சார்?"

எடுக்கலாம், சிலர் மட்டும். அந்தச் சிலர் யார் என்பதைப் பிரித்துக் காட்டத்தான் இந்த ஒப்பீடு.

## எதை வைத்து அளப்பது

குதிரைத்திறனை வைத்து அளந்தால் இந்த முடிவு தப்பாகத்தான் போகும். நம் மாவட்டத்தில் நான் முதலில் கேட்பது, வண்டியை ஓட்டப்போவது நீங்களா, டிரைவரா என்று. இரண்டாவது, ஒரு வாரம், பதினைந்து நாள் வண்டி இல்லாமல் உங்களால் இருக்க முடியுமா என்று. வீட்டில் ஏற்கெனவே ஒரு இன்னோவாவோ ஃபார்ச்சூனரோ நின்றால் பதில் ஒன்று, இல்லாவிட்டால் வேறு.

மூன்றாவது, ரோடு. ஓசூரிலிருந்து சேலம் வரை தேசிய நெடுஞ்சாலை 44, கிருஷ்ணகிரியில் பிரிந்து வேலூர், சென்னை என்று போவதோடு உங்கள் ஓட்டம் முடிந்துவிடுமா? இல்லை, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம், குவாரிப் பாதை என்றும் போக வேண்டுமா? நான்காவது, வாங்கிய பிறகு ஐந்து வருடத்தில் கையிலிருந்து மொத்தம் எவ்வளவு போகும். அதில் விற்கும்போது திரும்பி வருவதும் சேர்த்தி.

அழகும் சத்தமும் கணக்கில் வராதா என்றால், வரும். யாரும் ஒரு கோடி ரூபாயைக் கணக்குப் பார்த்து மட்டும் செலவு செய்வதில்லை. ஆனால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்வோம்.

## மூன்றும் ஒரே பார்வையில்

| | மசெராட்டி கிப்லி (பழையது) | பிஎம்டபிள்யூ எம்340ஐ (புதிது) | மெர்சிடிஸ் இ கிளாஸ், இ 220டி (புதிது) |
|---|---|---|---|
| என்ஜின் | 3 லிட்டர் வி6 டீசல், 275 குதிரைத்திறன் (பெட்ரோல் என்றால் 350) | 3 லிட்டர், வரிசை ஆறு சிலிண்டர் பெட்ரோல், 374 குதிரைத்திறன் | 2 லிட்டர், நான்கு சிலிண்டர் டீசல், 197 குதிரைத்திறன் |
| 0–100 கி.மீ. | டீசல் 6.3 விநாடி | 4.4 விநாடி | ஏழரை விநாடிக்கு மேல் |
| இழுக்கும் சக்கரம் | பின் சக்கரங்கள் | நான்கும் | பின் சக்கரங்கள் |
| நீளம் | 4971 மி.மீ. | 4713 மி.மீ. | 5092 மி.மீ. |
| வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடைத்தூரம்) | 2998 மி.மீ. | 2851 மி.மீ. | 3094 மி.மீ. |
| எங்கே கட்டப்படுகிறது | இத்தாலி, டுரின் அருகே | சென்னை | புனே அருகே சாக்கன் |

அட்டவணையின் கடைசி வரியை ஒரு தரத்துக்கு இரண்டு தரம் பாருங்கள். கீழே சொல்லப்போகும் செலவுக் கணக்கில் பாதி அங்கிருந்துதான் பிறக்கிறது.

## மசெராட்டி கிப்லி

இந்தத் தலைமுறை கிப்லி 2013ல் வந்தது. மசெராட்டி 2015ல் இந்தியாவுக்குத் திரும்பி வந்தபோது இங்கும் விற்பனைக்கு வந்தது; டீசலின் விலை அப்போது ஷோரூமிலேயே 1.14 கோடி. 2021ல் 330 குதிரைத்திறன் உள்ள ஹைப்ரிட் வந்தது. 2023ல் உற்பத்தியே நின்றுவிட்டது. அதோடு அண்ணன் வண்டியான குவாட்ரோபோர்ட்டேயும் நின்றதால், மசெராட்டியில் இப்போது புது செடான் என்று ஒன்று கிடையாது. ஆகவே கிப்லி வேண்டும் என்றால் பழைய வண்டிதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இது ஐந்து மீட்டர் நீள வண்டி மாதிரியே திரும்பாது. முன்னும் பின்னும் எடை பாதிப்பாதி. பின் அச்சில், ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் மெக்கானிக்கல் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் எல்லா மாடலிலும் உண்டு. 2018 மாடலுக்கு முந்தைய வண்டிகளில் ஸ்டீயரிங் ஹைட்ராலிக், அதாவது மின் மோட்டார் இல்லாமல் எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவது. ரோடு என்ன சொல்கிறது என்பது கைக்கு நேராக வந்து சேரும். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் மலைப்பாதையில், காலையில் பஸ் நடமாட்டம் தொடங்குவதற்கு முன் ஓட்டினால், இந்த விலைக்கு இன்றைய புது வண்டி எதுவும் அந்தத் தொடு உணர்வைத் தராது. பெட்ரோல் வி6 என்ஜின் ஃபெராரியின் மரனெல்லோ ஆலையில் கட்டப்பட்டது. ஸ்போர்ட் பட்டனை அழுத்தியதும் புகைக்குழாயின் வால்வு திறந்து வரும் சத்தம் கேட்டு, கல்யாண மண்டபத்து வாசலில் மாப்பிள்ளையை விட்டுவிட்டுக் கூட்டம் வண்டிப் பக்கம் திரும்பும். இது வண்டியின் பலமா பலவீனமா என்பது மாப்பிள்ளை யார் என்பதைப் பொறுத்தது.

ஆனால் இங்கே சுற்றும் பழைய கிப்லிகளில் டீசல்தான் அதிகம். அது இத்தாலியின் விஎம் மோட்டோரி செய்த என்ஜின். 600 நியூட்டன் மீட்டர் இழுவை, நெடுஞ்சாலையில் சுகம். சத்தம் மட்டும் அசல் இல்லை. புகைக்குழாய் முனைக்கு அருகே இரண்டு கருவிகளைப் பொருத்தி அதிர வைத்து, டீசலுக்குப் பெட்ரோல் குரல் கொடுத்திருக்கிறார்கள். மசெராட்டி வாங்குவதே சத்தத்துக்காக என்பவர் டீசலை வாங்கினால் இரண்டாவது மாதமே மனசு கசந்துவிடும்.

உள்ளே உட்கார்ந்தால் இன்னொரு சங்கடம். தோல் வேலைப்பாடு அருமை, கதவுக் கண்ணாடிக்குச் சட்டம் இல்லாத அழகு, எல்லாம் சரி. ஆனால் திரையும் பல பட்டன்களும் கிரைஸ்லர் குடும்பத்திலிருந்து வந்தவை. ஜீப்பில் ஏறி இறங்கியவர் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார். கியர் லீவர் தட்டிவிட்டால் நடுவுக்கே திரும்பி வந்து நிற்கும் வகை. 'பார்க்' நிலையில் விழுந்ததா இல்லையா என்று திரையைப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். இதே குழப்பத்துக்காக அமெரிக்காவில் 2014 மாடல் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கியர் மாற்றும் பெரிய உலோகத் துடுப்புகள் அசையாமல் நிற்பதால் இண்டிகேட்டர் தண்டுக்கு விரல் எட்டுவதே சிரமம். பின்சீட்டு, வண்டியின் நீளத்தைப் பார்த்து நாம் எதிர்பார்க்கும் அளவுக்கு இல்லை. வேட்டியோடு ஏறி இறங்கும் அப்பாவுக்கு இது வண்டி அல்ல.

### விலைச்சீட்டில் இல்லாத செலவுகள்

முதலில் நம்பர். விற்பனைக்கு வரும் கிப்லி பெரும்பாலும் கே.ஏ. பதிவு. ஓசூர்க்காரர் பலர் பெங்களூரு முகவரியில் கே.ஏ. நம்பரை அப்படியே வைத்து ஓட்டுகிறார்கள். சட்டப்படி வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அந்த மாநிலப் பதிவுக்கு மாற்ற வேண்டும். அதாவது பெங்களூரு ஆர்.டி.ஓ.வில் என்.ஓ.சி. எனும் தடையில்லாச் சான்று வாங்கி, டி.என். 70, 24 அல்லது 29 எண்ணில் மறுபதிவு செய்து, வண்டியின் வயதுக்கேற்ப இங்கே ஆயுள் வரி கட்ட வேண்டும். கர்நாடகாவில் கட்டிய வரியில் மீதிக்காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம். கிடைக்கும், ஆனால் நடக்க வேண்டும். அந்தப் பணத்தை நம்பி பட்ஜெட் போடாதீர்கள்.

அடுத்து உதிரிபாகம். கியர்பாக்ஸைப் பற்றி எல்லாரும் பயப்படுகிறார்கள். அது அவ்வளவு பயப்பட வேண்டிய இடம் இல்லை. கிப்லியில் இருப்பதும் எம்340ஐயில் இருப்பதும் ஜெர்மனியின் இசட்எஃப் செய்த எட்டு கியர் ஆட்டோமேட்டிக் குடும்பம்தான். அதைத் தெரிந்த மெக்கானிக் பெங்களூரில் நிறையப் பேர். சிக்கல் வருவது சின்னச் சாமானில்: ஹெட்லைட், முன் பம்பர், கதவுக் கைப்பிடி, சென்சார், முன் கண்ணாடி. நம் பக்கம் கிரானைட் லாரிக்குப் பின்னால் போகாத வண்டி கிடையாது. ஒரு ஜல்லி தெறித்து முன் கண்ணாடியில் கீறல் விழுந்தால் பிஎம்டபிள்யூவுக்குப் பாகம் நாட்டுக்குள்ளேயே கிடைக்க வாய்ப்பு அதிகம். கிப்லிக்கு இத்தாலியிலிருந்து வரும்வரை காத்திருக்க நேரலாம். அதுவரை வண்டி தார்ப்பாய்க்குள்.

மூன்றாவது இன்ஷூரன்ஸ். பழைய வண்டிக்கு, தேய்மானம் கழிக்காமல் பாகத்தின் விலையைத் தரும் பம்பர் டு பம்பர் எனும் ஜீரோ டெப் பாலிசியைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஐந்தாறு வருடத்தோடு நிறுத்திவிடுகின்றன. அதன்பின் ஒரு சின்ன உரசலில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களின் பாதி விலை உங்கள் பையிலிருந்துதான். இறக்குமதி பம்பரின் பாதி விலை என்ன வரும் என்று வாங்குவதற்கு முன்பே ஒரு கொட்டேஷன் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு தாள் பலருக்கு முடிவையே மாற்றியிருக்கிறது.

டயர் செலவு இரண்டு ஸ்போர்ட்ஸ் வண்டிக்கும் பொது. கிப்லி, எம்340ஐ இரண்டிலுமே முன்டயர் ஒரு அகலம், பின்டயர் அதைவிட அகலம். முன்னதைப் பின்னால் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சரிக்கட்டும் நம் வழக்கம் செல்லாது.

பெட்ரோல் கிப்லிக்கு இன்னொரு கவலை, எத்தனால். இன்று பெட்ரோல் பங்க்குகளில் ஊற்றுவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 2015–2019 காலத்து ஐரோப்பிய என்ஜின்கள் பொதுவாக 10 சதவீதக் கலப்பை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. வண்டியின் கையேட்டைத் திறந்து பாருங்கள். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தி வைக்கும் வண்டியில்தான் இது அதிகம் தொல்லை தரும். மசெராட்டியைப் பெரும்பாலோர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

கிப்லிக்கு என் கணக்கு இது: 50 லட்சம் ஒதுக்கினால் வண்டிக்கு 38, 40க்கு மேல் கொடுக்காதீர்கள். மிச்சத்தை வங்கியில் போட்டு வையுங்கள். அது இரண்டு வருடம் தொடாமல் இருந்தால் அதிர்ஷ்டம்.

### யாருக்குப் பொருந்தும்

வீட்டில் தினசரி ஓட்டத்துக்கு வேறு வண்டி இருப்பவருக்கு. வேலையாகவோ குடும்பமாகவோ வாரம் ஒருமுறை பெங்களூரு போகிறவருக்கு. தானே ஓட்டுபவருக்கு. இந்த மூன்றும் சேர்ந்தால் கிப்லி, அதிலும் பெட்ரோல் கிடைத்தால், நல்ல பேரம். ஓசூர்க்காரருக்கு இது ஓரளவு எளிது, பெங்களூருப் பட்டறை நாற்பது கிலோமீட்டரில் இருக்கிறது. தர்மபுரிக்காரருக்கு அதே பட்டறை நூற்று முப்பது கிலோமீட்டருக்கு மேல். தொப்பூர் கணவாயில் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தால், அங்கிருந்து பெங்களூருக்கு ரெக்கவரி வண்டியில் ஏற்றி அனுப்புவதையும் செலவில் எழுதிக்கொள்ள வேண்டும்.

## பிஎம்டபிள்யூ எம்340ஐ

2021 மார்ச்சில் வந்தது. பிஎம்டபிள்யூவின் ஸ்போர்ட்ஸ் பிரிவான எம்மின் பெயர் தாங்கிய வண்டிகளில் இந்தியாவிலேயே கட்டப்பட்ட முதல் வண்டி. சென்னைக்கு அருகே செங்கல்பட்டு மாவட்டத்து ஆலையில். பாகம், சர்வீஸ், விலை மூன்றுமே அதனால்தான் கட்டுக்குள் இருக்கின்றன.

வேகத்தில் கிப்லி டீசலை இது கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்கு விட்டுவிட்டுப் போய்விடும். நான்கு சக்கரமும் இழுப்பதால் மழையில் சூளகிரிப் பக்க வளைவுகளில் மனசு பதறாது. ஆனால் கார்களுக்கு நான்குவழிச் சாலையில் அனுமதி நூறு கிலோமீட்டர்தான். தொப்பூரில் அதற்கும் வெகு கீழே. 4.4 விநாடி என்பது லாரியைத் தாண்டும்போது மட்டும் பயன்படும் சொத்து. அந்த ஒரு பயனுக்கே அது விலை பெறும் என்று நினைப்பவன் நான். கிருஷ்ணகிரி டோலைத் தாண்டியதும் மூன்று கன்டெய்னர் லாரிகள் அருகருகே போகும் அந்த இடத்தை அறிந்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

குறை என்றால் உயரம். தரையோடு படிந்த வண்டி. கிராமத்து வேகத்தடைகள் நெடுஞ்சாலைத் துறை அளவில் போடப்பட்டவை அல்ல. குறுக்காக, ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக ஏற்றிப் பழக வேண்டும். பின்சீட்டில் மூன்று பேர் சேலம் வரை போகலாம், மதுரை வரை வேண்டாம். டிரைவர் வைத்து ஓட்டுவதற்கு இதை வாங்குவது, பட்டுப்புடவை வாங்கிப் பீரோவிலேயே வைப்பது போலத்தான்.

பணக் கணக்கு: 2025 செப்டம்பரில் சொகுசு கார்களுக்கு ஜிஎஸ்டி, செஸ் எனும் கூடுதல் வரி இல்லாமல், 40 சதவீதமானதிலிருந்து விலைகள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. கணக்குக்காக ஷோரூம் விலை 75 லட்சம் என்று வைப்போம். இருபது லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்குத் தமிழ்நாட்டு ஆயுள் வரி 20 சதவீதம். அதுவே 15 லட்சம். விற்பவர் மூலத்திலேயே வசூலிக்கும் ஒரு சதவீத வரியான டிசிஎஸ் 75 ஆயிரம், இது வருமான வரியில் கழிந்துவிடும். இன்ஷூரன்ஸ் சேர்த்தால் 93, 94 லட்சத்தில் வந்து நிற்கும். நம்பர் வாங்கிய மறுநாள் அந்த 15 லட்சத்துக்கு மறுவிற்பனையில் யாரும் தனியாக விலை வைக்கமாட்டார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். புது வண்டியின் மறைமுகச் செலவு அதுதான்.

தானே ஓட்டுபவர், வீட்டில் இது ஒன்றே நல்ல வண்டி, திங்கட்கிழமை காலை கண்டிப்பாக ஸ்டார்ட் ஆக வேண்டும் என்றால் யோசிக்காமல் இது.

## மெர்சிடிஸ் இ 220டி

இதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பின்சீட்டில் உட்காருபவருக்கான வண்டி. இந்தியாவுக்கு வருவது வீல்பேஸ் நீட்டிய வடிவம். 2024 அக்டோபரில் புதுத் தலைமுறை வந்தபோது இ 220டி 81.5 லட்சம், இ 200 பெட்ரோல் 78.5 லட்சம். வரி, இன்ஷூரன்ஸ் சேர்த்தால் உங்கள் ஒரு கோடியைத் தொட்டுவிடும். இதே இ கிளாஸில் 381 குதிரைத்திறன் உள்ள இ 450 வேகத்தில் எம்340ஐயோடு போட்டி போடும், ஆனால் அது வந்தபோதே 92.5 லட்சம், நம் பட்ஜெட்டைத் தாண்டிவிட்டது.

மாதம் நாலு தடவை சென்னைத் துறைமுகத்துக்கோ வாங்குபவரைச் சந்திக்க விமான நிலையத்துக்கோ போய்வரும் ஏற்றுமதிக்காரருக்கு, பின்னால் சாய்ந்துகொண்டு போன் பேசியபடி வர இதைவிட நல்லது இந்த விலையில் இல்லை. டீசல் என்பதால் ஓட்டம் அதிகமாக அதிகமாகச் செலவு குறையும். ஆனால் ஸ்போர்ட்ஸ் செடான் ஆசையில் ஆரம்பித்தவர் இதில் வந்து முடிந்தால், கைச்சாவியை டிரைவரிடம் கொடுக்கும்போதெல்லாம் ஒரு சின்ன வருத்தம் இருக்கும்.

## கம்பெனி பேரில் எடுப்பவர்களுக்கு

இது மூன்றுக்கும் பொது. ஜிஎஸ்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று ஷோரூமில் யாராவது சொன்னால் உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள். சொந்த உபயோகக் காருக்கு உள்ளீட்டு வரிச் சலுகை கிடையாது. தேய்மானம் வருடத்துக்கு 15 சதவீதம் கணக்கில் எழுதலாம், கடன் வட்டியும் எழுதலாம். புது வண்டியில் இந்தத் தேய்மானச் சலுகையின் தொகை பெரிது. நாற்பது லட்சத்துக் கிப்லியில் சிறிது. விலை வித்தியாசம் ஐம்பது லட்சம் என்று தெரிவது, வரிக்குப் பிந்தைய கணக்கில் கொஞ்சம் சுருங்கும்.

ஆல்ஃபா ரோமியோ ஜூலியாவைக் கேட்பவர்களும் உண்டு. ஓட்டும் சுகத்தில் இத்தாலிய செடான்களில் அதுதான் முதல் என்பேன். ஆனால் அந்த நிறுவனம் இந்தியாவில் கடை விரிக்கவில்லை. தனியாக இறக்குமதி செய்தால் சுங்கமே வண்டியின் விலையைத் தாண்டும், சர்வீஸுக்கு ஆளும் இல்லை. அந்த எண்ணத்தை இங்கேயே விட்டுவிடலாம்.

## கிப்லிதான் என்று முடிவெடுத்துவிட்டீர்களா?

அப்படியானால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை. என்ஜின் முழுக்க ஆறிய நிலையில், நீங்கள் போய் நின்றபிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். சூடாக்கி வைத்திருந்தால் வேறொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். சேசிஸ் எண்ணை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் கொடுத்து, சர்வீஸ் வரலாறு முழுமையாக இருக்கிறதா, திரும்ப அழைப்பு வேலை ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். ஆர்.சி.யில் வங்கிக் கடன் இருந்தால் அது நீக்கப்பட்டதற்கான படிவம் 35 கையில் வர வேண்டும். எல்லா டயரின் தயாரிப்பு வாரத்தையும் பாருங்கள்; தேயாத ஆனால் ஆறு வருடப் பழைய டயர் என்றால் நாலையும் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். ஏசியை முழு வேகத்தில் வைத்து, மதிய வெயிலில் அரை மணி நேரம் நெரிசலில் ஓட்டிப் பாருங்கள். திரை தடுமாறுகிறதா, கூலன்ட் சூடு ஏறுகிறதா என்று அப்போதுதான் தெரியும். டீசலாக இருந்து புகைவடிகட்டி உள்ள வண்டியாக இருந்தால், முந்தைய உரிமையாளர் நகருக்குள் மட்டும் ஓட்டினாரா என்று விசாரியுங்கள். நெடுஞ்சாலை ஓட்டமே காணாத டீசலில் அந்த வடிகட்டி அடைத்துக்கொண்டிருக்கும்.

கடைசியாக லிஃப்ட். அடிப்பக்கத்தைப் பார்க்காமல் இந்த உயரத்து வண்டியை வாங்கக் கூடாது. பெங்களூரு வேகத்தடைகளும் நம்முடையவற்றுக்குச் சளைத்தவை அல்ல. முன்பக்க அடித்தட்டு, புகைக்குழாய், சஸ்பென்ஷனின் கீழ்க் கையிலுள்ள ரப்பர் புஷ் எல்லாம் அதில்தான் அடிபட்டிருக்கும். லிஃப்டில் ஏற்ற விற்பவர் சம்மதிக்காவிட்டால், விலையை இன்னும் இரண்டு லட்சம் குறைத்தாலும் அந்த வண்டி வேண்டாம்.